பிள்ளையோடு நெய்மீன் தூண்டில்: மெல்லிய கருவியில் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெய்மீன் (வஞ்சிரம்) பிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 20 எல்.பி. (20 பவுண்டு இழுவை தாங்கும்) பிரெய்டும், அதாவது பின்னிய நூலும், 6 அடி ராடும் (தூண்டில் கோல்) போதும். 10 வயதுப் பிள்ளைகூட 4 கிலோ மீனைத் தானே இழுத்து எடுக்கலாம். அதற்கு வேலைகளை வரிசைப்படி செய்ய வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் ராடு வாங்குவதில் தொடங்கி, டிராக் என்ற ஒன்றை (மீன் இழுக்கும்போது நூலை விடும் ரீலின் பிடிமானம்) நடுக்கடலில் மீன் ஓடும்போதுதான் தொட்டுப் பார்க்கிறார்கள். நூல் அறுகிறது. பிள்ளை அழுகிறது, இல்லையென்றால் அப்பா ராடைப் பிடுங்கிக்கொள்கிறார். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

இந்த வழிகாட்டி 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம், குளச்சல் போன்ற துறைகளிலிருந்து ஃபைபர் வள்ளத்தில் கரையை ஒட்டி 10 முதல் 20 மீட்டர் ஆழத்துக்குள் போய் வருவதற்கு எழுதப்பட்டது.

1. முதலில் நாளும் துறையும்

கருவி வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். எந்தத் துறையிலிருந்து, எந்த வள்ளத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும்.

ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று நம் மேற்குக் கரையைப் புரட்டிப் போடும். அப்போது பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போகும் பேச்சே கூடாது. மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை, அதிகாலையிலிருந்து 9 மணிக்குள், முட்டத்துக்கு மேற்கே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதே நாட்களில் கன்னியாகுமரி முனையை ஒட்டிய கடலில் காற்று பலமாக வீசும். "குளச்சலில் அமைதியாக இருந்ததே" என்று அந்த முனையை அடுத்த சின்னமுட்டத்தில் இறங்கினால் ஏமாற்றம்தான்.

ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பை முந்தின நாள் மாலையும் அன்று விடியற்காலையும் பாருங்கள். அலை உயரம் 1 மீட்டருக்கு மேல், காற்று மணிக்கு 18 கி.மீ.க்கு மேல் என்றால் போக வேண்டாம். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருந்தாலும் போகக் கூடாது. தொலைவில் உருவான பேரலை இது. இங்குள்ள காற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான்.

துறை தேர்வில் ஒரே விதி: அலை உடையும் இடத்தை வள்ளம் கடக்கக் கூடாது. மணற்கரையிலிருந்து அலையைப் பிளந்து வள்ளம் இறக்குவது தொழில் தெரிந்தவர்களுக்கு. துறைமுகச் சுவருக்குள் ஏறி, ஆழமான வாயில் வழியே வெளியேறும் இடமாகப் பாருங்கள். பொழிமுகங்களில் (ஆறு கடலில் சேரும் வாய்) மணல் சேர்ந்தால் அலை அங்கேயே உடையும்; தேங்காய்ப்பட்டணம் வாயிலில் அப்படி வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. உள்ளூர்க்காரரிடம் அந்த வாரத்து நிலையைக் கேட்காமல் எந்த வாயிலையும் நம்பாதீர்கள்.

தூண்டில் வளைவுகளின் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கற்சுவர்) பாறை மேல் நின்று போடலாமே என்று பலர் கேட்பார்கள். பெரியவர்களே வழுக்கி விழும் இடம் அது. பிள்ளையோடு வேண்டாம்.

2. வள்ளக்காரரிடம் முன்பே கேட்க வேண்டியவை

எஞ்சினில் நியூட்ரல் (எஞ்சின் ஓடினாலும் வள்ளம் நகராத நிலை) உண்டா? இதுதான் முதல் கேள்வி. மீன் கொத்தியதும் வள்ளம் நிற்க வேண்டும். உயிர் இரையை இழுக்க ஆள் நடக்கும் வேகம் வேண்டும். நியூட்ரல் இல்லாத எஞ்சினில் இரண்டும் சிரமம்.

அன்று வேறு தூண்டிலோ வலையோ போட மாட்டார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். பிள்ளையின் நூல் மட்டும் தண்ணீரில் இருக்க வேண்டும். அவருடைய அரைநாள் தொழில் போகிறது, அதற்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள். கடலோர ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போக மாட்டார்கள். அதனால் சனிக்கிழமையாகப் பார்த்து வைப்பது நல்லது.

3. கருவி

ராடு 6 முதல் 6½ அடி, 10–20 எல்.பி. தரம். 8 அடி ராடு பிள்ளைக்குச் சரிவராது. நுனியில் 1.5 கிலோ இழுத்தால், நெம்புகோல் கணக்கில் முன்கைப்பிடியைப் பிடித்திருக்கும் கைக்கு அதைப்போல் 3 மடங்கு வரை பளு வரும். ராடு நீள நீள அந்தப் பளு ஏறும்.

ரீல் 4000 அளவு ஸ்பின்னிங். 20 எல்.பி. பிரெய்டு குறைந்தது 250 மீட்டர் கொள்ள வேண்டும். நெய்மீனின் முதல் ஓட்டமே 100 மீட்டரைத் தாண்டலாம். பிரெய்டு சுற்றும் முன் ஸ்பூலில் (ரீலில் நூல் சுற்றும் உருளை) 5, 6 மீட்டர் தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நூல்) சுற்றிக்கொள்ளுங்கள். பிரெய்டை நேரடியாகச் சுற்றினால் மொத்த நூலும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் ரீலையே மாற்றிவிடுகிறார்கள்.

இவற்றோடு 40 எல்.பி. தங்கூஸ் 2 மீட்டர், ராடின் அடியைத் தாங்கும் வயிற்றுப் பட்டை, பிள்ளையின் இடது கைக்கு ஒரு கையுறை, ராடை வள்ளத்தோடு இணைக்க 2 மீட்டர் கயிறு வேண்டும். அந்தக் கயிறு இருந்தால், பயந்து ராடை விட்டாலும் கடலுக்குப் போகாது என்ற தைரியம் பிள்ளைக்கு வரும்.

உயிர்க்கவசம் பிள்ளையின் எடைக்குரியதாக, கால்களுக்கிடையே வரும் பட்டையோடு இருக்க வேண்டும். மாட்டிவிட்டு, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கவசம் முகவாய்க்கு மேல் ஏறினால் அது பெரிது. "வளர்ந்தாலும் போடலாம்" என்று வாங்கிய கவசம் தண்ணீரில் கழன்றுவிடும்.

4. டிராக்கை வீட்டிலேயே வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மெல்லிய நூலில் மீனைப் பிடித்து நிறுத்துவது கிடையாது. ஓடவிட்டுக் களைக்க வைக்கிறோம். எவ்வளவு இழுத்தால் நூலை விட வேண்டும் என்பதை டிராக்தான் முடிவு செய்கிறது.

20 எல்.பி. என்பது சுமார் 9 கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ சொச்சம், பெரியவர்களுக்கான அளவு. பிள்ளைக்கு 1.5 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

அளக்கத் தராசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2 லிட்டர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 1.5 கிலோ. நூலின் முனையை அதன் கழுத்தில் கட்டி, ராடை 45 பாகை சாய்வில் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பியதும் ரீல் மெதுவாக நூலை விட வேண்டும். எழும்பி அப்படியே தொங்கினால் டிராக் இறுக்கம். எழும்பவே இல்லையென்றால் தளர்வு. இதை ராடில் கோர்த்த நூலை வைத்தே செய்ய வேண்டும். ரீலிலிருந்து கையால் நூலை இழுத்துப் பார்த்து வைத்தால், வளைந்த ராடின் வளையங்களில் ஏற்படும் உராய்வு கணக்கில் வராது.

சரியான இடம் கிடைத்ததும் டிராக் குமிழில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீரோடு இதையே செய்து ஒரு வெள்ளைப் புள்ளி. இரை தண்ணீரில் இருக்கும்போது வெள்ளை, மீன் மாட்டிய பிறகு சிவப்பு. கொத்தும் நொடியில் நெய்மீன் மிக வேகமாக வரும். அப்போது டிராக் இறுக்கமாக இருந்தால் அதன் வாய் கிழியும் அல்லது நூல் அறும். குமிழ் ஒரு சுற்றுக்கு மேல் திரும்பினால் புள்ளி குழப்பும். எத்தனை சுற்று என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று: ஸ்பூலில் நூல் குறையக் குறைய டிராக் தானாகவே இறுகும். நூல் சுற்றின் விட்டம் பாதியானால் இழுவை இரண்டு மடங்காகும். மீன் தூரம் ஓடும்போது குமிழை இறுக்கக் கூடாது, கொஞ்சம் தளர்த்த வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். அறுந்த நூல்களில் பெரும்பகுதி இதனால்தான்.

5. முனை கட்டுவது

பிரெய்டையும் தங்கூஸையும் இரட்டை யூனி முடிச்சால் இணையுங்கள். பிரெய்டுப் பக்கம் 8 சுற்று, தங்கூஸ் பக்கம் 5. பிரெய்டு வழவழப்பானது, சுற்று குறைந்தால் நழுவும். எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இழுத்தால் உராய்வின் சூட்டில் தங்கூஸ் பலமிழக்கும்.

நெய்மீனின் பல் கத்தரி போன்றது. தங்கூஸ் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தாங்காது. கடைசி 20 செ.மீ. எஃகு ஒற்றைக் கம்பி வேண்டும், 0.35 மி.மீ. தடிமன் போதும். கொக்கிக் கண்ணில் நுழைத்து இரு இழைகளையும் ஒன்றையொன்று 5 முறை முறுக்குங்கள். அதன்பின் மீதி வாலை, நேராக நிற்கும் கம்பியின் மேல் நெருக்கமாக 5 சுற்று சுற்றுங்கள். ஒரு இழை நேராக நிற்க மற்றது மட்டும் சுற்றினால், இழுக்கும்போது வழுக்கிவிடும். வாலைக் குறட்டால் வெட்டாதீர்கள், முன்னும் பின்னும் ஆட்டி ஒடியுங்கள். வெட்டிய முனை ஊசியாக நின்று பிள்ளையின் விரலைக் கிழிக்கும்.

தங்கூஸையும் கம்பியையும் இணைக்கும் ஸ்விவல் (சுழலும் சிறு இணைப்பு) சிறியதாக, கறுப்பாக இருக்கட்டும். பளபளக்கும் ஸ்விவலை இன்னொரு நெய்மீன் இரை என்று நினைத்துக் கடிக்கும். கம்பிக்கு மேலே நூல் துண்டாகிவிடும்.

கொக்கி இரண்டு. முன்கொக்கி 2/0 அளவு. அதிலிருந்து 8 முதல் 10 செ.மீ. கம்பியில் பின்கொக்கி. நெய்மீன் பெரும்பாலும் இரையின் வாலைத்தான் வெட்டும். பின்கொக்கி இல்லாவிட்டால் தலை மட்டும் உங்களிடம் திரும்பி வரும். பின்னால் மும்முனைக் கொக்கி போடுவது வழக்கம். பிள்ளை இருக்கும் வள்ளத்தில் ஒற்றைக் கொக்கியே போடுங்கள். ஒன்றிரண்டு மீன் தப்பும், போகட்டும். ஆடும் வள்ளத்தில் பிள்ளையின் கையில் மும்முனை ஏறினால் அந்த நாளே முடிந்தது.

வீட்டிலேயே கம்பியும் கொக்கியுமாக 6 முனைகள் கட்டி, தனித்தனி நெகிழி உறையில் சுருட்டி வையுங்கள். கடலில் கம்பி முறுக்க முடியாது.

6. தரையில் பயிற்சி

ஆளில்லாத மைதானம் ஒன்று போதும். கொக்கி இல்லாத நூலின் முனையைச் சைக்கிள் கேரியரில் கட்டி, பெரியவர் மிதிக்கட்டும், பிள்ளை ராடைப் பிடிக்கட்டும். ரீல் கத்தும் சத்தத்துக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. நூலைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள்; பிரெய்டு அறுத்துவிடும்.

பிள்ளைக்கு மூன்று சொற்கள் மட்டும் கற்றுக்கொடுங்கள்: "விடு", "தூக்கு", "சுத்து". "விடு மக்களே" என்றால் ரீலின் கைப்பிடியைத் தொடக் கூடாது, ராடை மட்டும் பிடித்திருக்க வேண்டும். "தூக்கு" என்றால் நுனியை ஒரு முழம் உயர்த்த வேண்டும். "சுத்து" என்றால் நுனியை இறக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். நெய்மீன் ஓடும்போது வேறு எந்த விளக்கமும் பிள்ளையின் காதில் ஏறாது.

நூல் வெளியே போகும்போதே கைப்பிடியைச் சுற்றுவது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. மீன் ஓர் அங்குலமும் நெருங்காது. 5:1 ரீலில் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் 5 முறுக்கு விழும். அடுத்த முறை நூல் தளரும்போது அது சிக்கலாக எழும்பும். கைப்பிடி இலேசாகச் சுற்றுகிறதா, ரீல் கத்துகிறதா என்பதைப் பிள்ளையே கேட்டுப் பழக வேண்டும்.

ராடு 45 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பதையும் இங்கேயே பழக்குங்கள். மீன் வள்ளத்தடியில் இருக்கும்போது ராடைச் செங்குத்தாகத் தூக்கினால் பளு முழுவதும் நுனியில் விழுந்து ஒடியும்.

7. சிறு மீனில் ஒரு காலை

நெய்மீனுக்கு முன்னால், மணக்குடிக் காயல் ஓரத்திலோ துறைமுகச் சுவருக்குள் அமைதியான தண்ணீரிலோ பாரைக்குட்டி பிடிக்க ஒரு காலை ஒதுக்குங்கள். அதே ராடு, அதே டிராக், 10 கிராம் ஈயமும் இறால் இரையும். பாரை அளவில் சிறியதானாலும் விடாமல் இழுக்கும். உயிருள்ள ஒன்று நூலின் மறுமுனையில் இழுப்பதைப் பிள்ளை ஒருமுறை உணர்ந்துவிட்டால் கடலில் பயம் பாதியாகக் குறையும். இந்தப் படியைத் தாண்டி நேராகக் கடலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

8. புறப்படும் காலை

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி. வெறும் வயிறும் புரட்டும், நிறைந்த வயிறும் புரட்டும். பிள்ளையை வள்ளத்தின் நடுப்பலகையில் உட்காரவையுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, எஞ்சின் புகையும் அவ்வளவாக எட்டாது. பார்வை கரையிலோ மலையிலோ இருக்கட்டும். ஃபோன் பார்த்தால் 10 நிமிடத்தில் வாந்தி.

அடையாள அட்டைகள், நனையாத உறையில் ஃபோன், தண்ணீர். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, கடலோரக் காவல்படை எண் 1554. இரண்டையும் ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மொத்தம் மூன்று மணி நேரம். கொத்தினாலும் கொத்தாவிட்டாலும் திரும்பிவிடுங்கள்.

9. இரை

சாளை, சின்ன அயிலை, முரல். முரல் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. சிறு இறகுகள் கட்டிய கொக்கிச் சரத்தை இறக்கி ஆட்டினால் அயிலைக்குட்டி ஏறும். இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், நன்றாகச் செய்வார்கள். பிடித்ததை உலர்ந்த கையால் தொடாமல் வாளிக்குள் விடுங்கள். ஒரு வாளியில் 4, 5 போதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். சாளை சீக்கிரம் செத்துவிடும். செத்த சாளையும் மெதுவாக இழுத்தால் எடுபடும்.

முன்கொக்கியைக் கீழ்த்தாடையிலிருந்து மேல்மூக்கு வழியே ஏற்றி வாயை மூடுங்கள். பின்கொக்கியை வாலுக்கு முன்னால் தோலில் மட்டும் இலேசாக. இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி தொய்வாக இருக்க வேண்டும். இறுக்கமானால் இரை வளைந்து சுழலும். வள்ளத்தின் ஓரத்தில் விட்டுப் பார்த்து, நேராக நீந்துகிறதென்றால் 25 முதல் 30 மீட்டர் வெளியே விடுங்கள். டிராக் வெள்ளைப் புள்ளியில்.

பாரின் (கடலடிப் பாறைத் திட்டு) மேலேயே போகாமல் அதன் ஓரத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். நீரோட்டம் பாரில் மோதும் பக்கத்தில்தான் சின்ன மீன் கூடும், நெய்மீனும் அங்கேயே சுற்றும். எஞ்சினை கியரில் சில நொடி, நியூட்ரலில் சில நொடி என மாற்றிமாற்றிப் போட்டால் வேகம் சரியாக வரும்.

10. கொத்தியதும்

ரீல் கத்தும். முதலில் "விடு". மூன்று எண்ணும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. பிறகு பெரியவர் குமிழைச் சிவப்புக்குக் கொண்டுவர, பிள்ளை ராடின் அடியை வயிற்றுப் பட்டையில் ஊன்றி உட்கார்ந்தபடியே பிடிக்கட்டும். ராடை வெடுக்கென்று இழுத்துக் கொக்கியைப் பதிக்க வேண்டாம், மீனின் வேகமே பதித்துவிடும்.

உங்கள் இடம் பிள்ளைக்குப் பின்னால். ஒரு கை பிள்ளையின் உயிர்க்கவசப் பட்டையில். ராடில் கை வைக்காதீர்கள். இரண்டு பேர் பிடித்த ராடில் யார் எப்போது இறக்குகிறார் என்று தெரியாது, நூல் தளரும், கொக்கி கழலும்.

ஸ்பூலில் பாதி நூல் போய்விட்டால் வள்ளத்தை மீனின் பக்கம் மெதுவாக விடச் சொல்லுங்கள். ஓட்டம் நின்றதும் "தூக்கு", "சுத்து". மீனை எப்போதும் வள்ளத்தின் முன்பக்க ஓரத்தில் வைத்திருந்தால் நூல் எஞ்சின் விசிறியில் சிக்காது.

பிள்ளை களைத்தால் மாற்றிக்கொள்ளலாம், அதைக் கரையிலேயே பேசி வையுங்கள். பிள்ளை "அப்பா, பிடி" அல்லது "அம்மா, பிடி" என்று கேட்டால் மட்டும் வாங்குங்கள், மீன் ஓடாமல் நிற்கும் நேரத்தில். கேட்காமல் பிடுங்கிய மீனை அந்தப் பிள்ளை தன் மீன் என்று சொல்லாது.

11. வள்ளத்தருகே

அதிகமான மீன் கைவிட்டுப் போவது கடைசி 10 மீட்டரில். வள்ளத்தைப் பார்த்ததும் நெய்மீன் மறுபடி பாயும். இப்போது நூல் குறைவு, பிரெய்டுக்கு நீட்சியும் இல்லை. ஆகவே தங்கூஸ் முடிச்சு தண்ணீருக்கு மேல் தெரிந்தவுடன் குமிழைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

கம்பியை யாரும் கையில் சுற்றக் கூடாது. கொக்கிக் கழியை வள்ளக்காரரிடம் விடுங்கள். மீன் ஏறும் நேரம் பிள்ளை காலைப் பலகை மேல் தூக்கிக்கொள்ள வேண்டும். வள்ளத்துக்குள் துள்ளும் நெய்மீன் கணுக்காலைக் கடித்தால் தையல்தான். ஈரச்சாக்கைத் தலைமேல் போட்டால் அடங்கும். கொக்கியை நீண்ட மூக்குக் குறட்டால் பெரியவர் எடுக்கட்டும்.

அரை மீட்டருக்குக் குறைந்த குட்டியென்றால் கழி வேண்டாம். தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விடுங்கள், கழலாவிட்டால் கம்பியை வெட்டுங்கள். நெய்மீன் 70 செ.மீ. அளவை நெருங்கிய பிறகுதான் முட்டையிடத் தொடங்கும். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு விட்டால் அதற்கு வருத்தம் இருக்காது.

12. மீனும் கருவியும்

செவுளை வெட்டி இரத்தம் வடித்து, உடனே ஐஸில். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். வெயிலில் கிடந்த நெய்மீனில் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது, முகம் சிவந்து அரிப்பும் தலைவலியும் வரும். "கரைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று ஐஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, ரீலின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். துடைத்து உலர்ந்ததும் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வளையங்கள் அமுங்கி, அடுத்த முறை நூல் விட்டுவிட்டு வரும். பிரெய்டின் முதல் 5 மீட்டரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிடுங்கள். பயன்படுத்திய கம்பியை மறுபடி கட்டாதீர்கள். வளைந்த இடத்தில் அது அறும். துண்டுகளை ஒரு பாட்டிலில் போட்டு மூடி எறியுங்கள். வெறுங்காலோடு நடக்கும் கரை நம்முடையது.